கண்ணீர்ப் பிரிவு

மற்ற கல்லூரிகளில் நாடகம் என்றால் நடிகர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். இந்தக் கல்லூரியில் பார்வையாளர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். நடிகர்கள் எப்படியும் வந்து சேர்ந்துவிடுவார்கள், விரட்டினாலும் போகமாட்டார்கள் என்பது நாடக மன்றத்தின் நீண்டகால அனுபவம். உட்கார்ந்து பார்க்கிறவர்கள்தான் தலைவலி.

அந்தத் தலைவலி போன வருட விழாவில் ஆரம்பித்தது. தலைமை விருந்தினர் பேச்சின் நடுவே ஒரு நகைச்சுவை சொன்னார். சொல்லிவிட்டு, சிரிப்பு அடங்கட்டும் என்று கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். அடங்குவதற்கு அங்கே எதுவும் கிளம்பவே இல்லை. தூக்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். அதோடு விட்டிருந்தால்கூடப் போகட்டும் என்றிருக்கலாம். பின்னால் நாடகத்தில், கதாநாயகன் விஷம் குடித்து நாற்காலியில் சாயும் கட்டத்தில் நாற்காலி கால் முறிந்து அவன் மல்லாந்தான். அரங்கம் கொல்லென்று சிரித்தது. தன் நகைச்சுவைக்கு வராத சிரிப்பு ஒரு நாற்காலிக்கு வந்ததை விருந்தினர் மன்னிக்கவில்லை.

விசாரணைக் குழு அமைத்தார்கள். குழு நாற்காலியைப் பார்வையிட்டது, நடிகனை விசாரித்தது, அந்த நகைச்சுவையை ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டு நன்றாகச் சிரித்தது. கடைசியில் நகைச்சுவையும் தரமானது, நாடகமும் தரமானது, தரம் குறைந்தது பார்வையாளர்களிடம்தான் என்று முடிவு கட்டியது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களையே கோணல் என்றார்கள். இனி தேர்வு வைத்து, பயிற்சி கொடுத்து, பிரிவு பிரித்துத்தான் பார்வையாளர்களை உள்ளே விடுவது என்று தீர்மானமாயிற்று.

இந்தத் தீர்மானத்தில் போய் மாட்டிக்கொண்டவனை விடுதியில் 'மூணாம் மாடி' என்று கூப்பிடுவார்கள். கூப்பிடுவார்கள் என்று சொல்வதுகூடக் கொஞ்சம் அதிகம்தான். பேச்சில் அவன் வந்தால் அப்படிக் குறிப்பிடுவார்கள், அவ்வளவுதான். மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் ஏறாது. மற்றவர்கள் சண்டை போட்டும் சிபாரிசு பிடித்தும் கீழே அறை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். சண்டைக்கும் சிபாரிசுக்கும் ஆள் இல்லாதவன் அங்கேயே இருந்தான். இரண்டாம் வருடம் படிக்கிறான்.

வெள்ளிக்கிழமை மாலை விடுதி காலியாகிவிடும். அழுக்குத் துணி மூட்டையோடு எல்லோரும் வீட்டுக்குக் கிளம்புவார்கள். அவன் கிளம்பமாட்டான். அப்பா ஓர் ஊரில் இருந்தார், அம்மா ஓர் ஊரில் இருந்தாள். பையன் அம்மாவிடம் போயிருப்பான் என்று அப்பா நினைத்துக்கொள்வார். அப்பாவிடம் போயிருப்பான் என்று அம்மா நினைத்துக்கொள்வாள். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, அதனால் குட்டு உடையவும் வழியில்லை. ஆரம்பத்தில் இரண்டு வீட்டுக்கும் ஒரு நடை போய்ப் பார்த்தவன்தான். அம்மா புதுத் தலையணை வாங்கி, அதன் மேலிருந்த உறையைக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்தாள். அப்பா சாப்பாடு போதுமா, போதுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வேறு எதையாவது கேட்டுவிடுவோமோ என்ற பயம் அவருக்கு. இரண்டு இடத்திலும் அவன் விருந்தாளியாக இருந்தான். விடுதியில் அந்தத் தொல்லை இல்லை.

சனி ஞாயிறில் அவனுக்கென்று சில சுகங்களும் உண்டு. கீழே குளிக்க ஆளில்லாததால் தண்ணீர் மூன்றாம் மாடிவரை ஏறிவிடும். வாரம் முழுவதும் செருமிக்கொண்டிருந்த குழாய் சனிக்கிழமை காலையில் வாயைத் திறக்கும். ஆசை தீரக் குளித்து, போர்வையைத் துவைத்து மொட்டை மாடியில் காயப்போட்டு, அது காயும்வரை அதன் நிழலிலேயே படுத்திருப்பான். பிறகு உணவகத்தில் ஒரு பன்னும் டீயும். பன்னை இரண்டாகப் பிய்த்து, வெண்ணெய் அதிகம் ஒட்டிய பாதியைக் கடைசிக்கு வைத்துக்கொள்வான். யாரோடும் பங்கு போட வேண்டியதில்லை என்பது முதல் பாதி வரைக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

பேச்சு மட்டும் இராது. 'ஒரு டீ' என்பதுதான் வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவே அவன் வாயிலிருந்து வரும் மொத்தச் சொற்பொழிவு. திங்கட்கிழமை வகுப்பில் வருகைக்குப் பதில் சொல்லும்போது குரல் துருப்பிடித்துக் கிடக்கும். ஒருமுறை கனைத்துவிட்டுத்தான் சொல்வான்.

அப்படிப்பட்டவனுக்கு நாடகம் என்றால் உயிர். கதைக்காக அல்ல. இருட்டில் நிறையப் பேரோடு உட்கார்ந்து, அவர்கள் சிரிக்கிற இடத்தில் தானும் சிரிக்கலாம். நீ யாரோடு வந்தாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். போன வருடம் நாற்காலி முறிந்தபோது அவனும் வயிறு வலிக்கச் சிரித்தான், பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒருவன் சிரிப்புத் தாங்காமல் இவன் தொடையில் ஓங்கி அடித்தான். அந்த அடியை அவன் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தான்.

அதனால் பார்வையாளர் தேர்வு என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியதும் வெள்ளிக்கிழமை மாலை போய் வரிசையில் நின்றுவிட்டான். முன்னால் நின்றவர்கள் எல்லாம் வருகை நாள் குறைந்தவர்கள்; பார்வையாளராகத் தேறினால் அது சரிக்கட்டப்படும் என்று சொல்லியிருந்தார்கள். நாடகம் பார்க்கும் ஆசையில் வந்தவன் இவன் ஒருவன்தான். அதை வெளியே சொல்ல அவனுக்கே வெட்கமாக இருந்தது.

தேர்வு அறையில் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் நாடக மன்றச் செயலாளர். வேதியியல் பேராசிரியர், பல வருடமாகச் செயலாளராக இருக்கிறார், தேர்தல் எதுவும் நடந்ததாக யாருக்கும் நினைவில்லை. இன்னொருவர் விளையாட்டு ஆசிரியர், கழுத்தில் விசில். கூட்டத்தைப் பழக்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று அவருக்குப் 'பார்வையாளர் ஒருங்கிணைப்பாளர்' என்ற பதவி கொடுத்திருந்தார்கள்.

சிரிக்கச் சொன்னார்கள். எதற்கு என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. காலையிலிருந்து பேசாத தொண்டை. எக்கிப் பார்த்தான், வந்தது.

"இருமுறான் சார்," என்றார் விளையாட்டு ஆசிரியர். "சிரிப்புப் பிரிவுக்கு ஆகாது."

அனுப்பிவிடுவார்கள் என்று அவன் முகம் தொங்கிவிட்டது. செயலாளர் சட்டென்று கையைக் காட்டினார்.

"அப்படியே நில்லு. மூஞ்சிய மாத்தாத." கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இத பாருங்க மாஸ்டர். பயிற்சியே வேண்டாம் போலருக்கே. ஏம்பா, வீட்ல ஏதாவது கஷ்டமா?"

அவன் தயங்கி, கொஞ்சம் இருக்கிறது சார் என்றான்.

"ரொம்ப நல்லது. ஞாயித்துக்கெழம வரைக்கும் அத தீத்துக்காத."

இப்படியாக அவனுக்குக் கண்ணீர்ப் பிரிவில், வலது ஓரத்தில், கடைசி நாற்காலி கிடைத்தது.

சனிக்கிழமை காலை ஒத்திகை. குழாயில் தண்ணீர் ஏறுகிற நேரம் பார்த்து விசில் ஊதிவிட்டார்கள். பாதிக் குளியலில் ஓடினான். அரங்கத்தில் இடது பக்கம் சிரிப்புப் பிரிவு, நடுவே கைதட்டல் பிரிவு, வலது பக்கம் கண்ணீர்ப் பிரிவு. மேடையில் யாரும் இல்லை, திரை மூடியிருந்தது. பார்வையாளர்களின் கவனம் சிதறக் கூடாது என்பதற்காக நடிகர்களை வெளியே அனுப்பியிருந்தார்கள். விளையாட்டு விழாவில் மிச்சமான கொடிகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒருங்கிணைப்பாளர் முன்னால் நின்றார். மஞ்சள் கொடிக்குச் சிரிக்க வேண்டும். பச்சைக்குக் கைதட்ட வேண்டும். நீலக் கொடி ஆடினால் கண் கலங்க வேண்டும், விசில் அடித்தால் விசும்ப வேண்டும், நீள விசிலுக்கு ஒரே மூச்சில் நிறுத்தி மூக்கைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

"தோள் குலுங்கணும், சத்தம் வரக் கூடாது," என்று கற்றுக்கொடுத்தார். "இடது கை கண்ணுல. வலது கையால பக்கத்துல இருக்கறவன் தோளத் தொட்டுத் தேத்தணும். எங்க, எல்லாரும்."

எல்லோரும் ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டார்கள். கடைசி நாற்காலிக்குப் பக்கத்தில் ஆள் இல்லை; உபரியாக ஒரு காலி நாற்காலி மட்டும் போட்டிருந்தது. வலது கையை என்ன செய்வது என்று அவன் எழுந்து கேட்டான்.

"நாற்காலி இருக்குல்ல? அதத் தேத்து."

அன்று மதியம்வரை அவன் ஒரு காலி நாற்காலியைத் தேற்றிக்கொண்டிருந்தான். அழுகை மட்டும் வரவில்லை. தோள் குலுங்கியது, கண் காய்ந்தே இருந்தது. ஒருங்கிணைப்பாளர் இரண்டு தடவை வந்து உற்றுப் பார்த்துவிட்டுப் போனார்.

இடைவேளைக்கு முன் செயலாளர் வந்து பேசினார். தர ஆய்வாளர் நாளை தலைமை விருந்தினராக வருகிறார், கல்லூரியின் எதிர்காலமே உங்கள் கண்ணீரில்தான் இருக்கிறது என்றார். நாடகத்தின் மூன்று காட்சிகளுக்கும் உரிய உணர்ச்சிகளை மன்றம் முறைப்படி வகைப்படுத்திவிட்டது என்றார். ஒழுங்கை மீறி, ஒரு பிரிவின் உணர்ச்சியை இன்னொரு காட்சியில் வெளிப்படுத்துகிறவர்களுக்கு வார இறுதியில் விடுதியில் தங்கும் அனுமதி ரத்தாகும். வெள்ளிக்கிழமை மாலையே வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள். மற்றவர்கள் இதைக் கேட்டுக் கொட்டாவி விட்டார்கள். அவர்கள் வீட்டுக்குத்தான் எப்போதும் போகிறார்கள். மூணாம் மாடி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தான். வீட்டுக்கு அனுப்புவார்கள் என்றால், எந்த வீட்டுக்கு?

மதியம் பன்னைக் கையில் வாங்கிக்கொண்டு சைக்கிள் நிறுத்துமிடம் பக்கம் போனான். அங்கே சைக்கிள்களுக்கு நடுவே நாடகம் நடந்துகொண்டிருந்தது. ஒரு பெண் திறந்த குடையோடு இரண்டு சைக்கிள்களுக்கு இடையில் சிக்கி நின்றாள். இவனைப் பார்த்ததும், "ஒரு நிமிஷம் இந்தக் கம்பிய எடுத்து விடுவியா?" என்றாள். விடுவித்தான். குடை மடங்கவில்லை. மடங்காத குடைதான் அவள் பாத்திரமே என்றாள். வரலாற்றுப் பிரிவு, மூன்றாம் வருடம். மூன்றாம் காட்சியில் அண்டை வீட்டுக்காரியாக வருகிறாள். இரண்டு வருடமாக நாடகத்துக்குத் திரை இழுத்தவளுக்கு இந்த வருடம்தான் வாய் திறக்க இடம் கிடைத்திருக்கிறது.

"நீ உள்ள பார்வையாளரா? எந்தப் பிரிவு?"

சொன்னான். அவள் பெருமூச்சு விட்டாள். மூன்றாம் காட்சி சிரிப்புக் காட்சி என்றாள். இறந்தவர் வீட்டுக்குக் குடையோடு வந்து தவிக்கிற ஒருத்தி. ஆனால் மேடைப் பொருள் பட்டியலில் 'இறந்தவர் படம், மாலையுடன்' என்று இருந்ததைப் பார்த்து மன்றம் அதைக் கண்ணீர் என்று வகைப்படுத்திவிட்டது. நாடகத்தை மன்றத்தில் யாரும் படிக்கவில்லை. போய்க் கேட்டால், படம் இருக்கிறதா இல்லையா, மாலை இருக்கிறதா இல்லையா என்று திருப்பிக் கேட்டாராம் செயலாளர்.

"நான் வந்து நின்னதும் மொத்த அரங்கமும் அழப் போவுது," என்றாள். அவள் குரலில் கேலி இல்லை. "இதுவரைக்கும் ஒருத்தர்கூட இதப் பாக்கல. எங்களுக்கே நல்லாருக்கா இல்லையான்னு தெரியல. நீ ஒண்ணு செய்யேன். கொடிய விட்டுட்டு நெஜமாப் பாரு. முடிஞ்சதும் உணவகத்துக்கு வா, டீ சாப்பிட்டுக்கிட்டே எப்படி இருந்துச்சுன்னு சொல்லு. பொய் சொல்லக் கூடாது."

அவன் தலையை ஆட்டினான். வாயைத் திறந்தால் இருமல் வந்துவிடும் என்ற பயம். கையிலிருந்த பன்னில் நல்ல பாதியை நீட்டினான். அவள் யோசிக்காமல் வாங்கித் தின்றுகொண்டே ஒத்திகைக்குத் திரும்பிவிட்டாள்.

அன்று மாலை மொட்டை மாடியில், காய்ந்துபோன போர்வையை எடுக்க மறந்து அதன் கீழேயே உட்கார்ந்திருந்தான். நாளை மாலை ஒருத்தி தனக்காக உணவகத்தில் காத்திருப்பாள். நாடகத்தைப் பற்றிப் பேச வேண்டும். என்ன பேசுவது, எதில் ஆரம்பிப்பது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். இரண்டு வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சீக்கிரம் வர வேண்டுமே என்று அவன் நினைத்தது அதுதான் முதல் தடவை.

ஞாயிறும் வந்தது. தர ஆய்வாளரும் வந்தார். நன்கு தேய்த்த சட்டையும் களைத்த முகமுமாக ஒரு பெரியவர். வரவேற்புரை நிகழ்த்தியவரை ஒருவர் வரவேற்றுப் பேசினார். முதல்வர் எழுந்து, சுருக்கமாகப் பேசுவதன் சிறப்பைப் பற்றி வெகுநேரம் பேசினார். பூங்கொத்துகள் கைமாறின, ஒரே பூங்கொத்து மூன்று பேரிடம் போய்த் திரும்பி வந்ததை வலது ஓரத்திலிருந்து பார்க்க முடிந்தது. பிறகு செயலாளர்.

"நாடகங்கள் வரும், போகும். பார்வையாளரே நிரந்தரம்," என்று தொடங்கினார். "நான் செயலாளராக இருந்த இத்தனை ஆண்டுகளில் ஒரு நாடகத்தைக்கூடப் பார்த்ததில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். பார்த்தால் பாரபட்சம் வந்துவிடும். நான் உங்களைத்தான் பார்ப்பேன். மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டே என் இளமையைக் கழித்தேன். எந்த நாடகம் நல்ல நாடகம் என்று கேட்கிறார்கள். எந்த நாடகத்தில் கைதட்டல் குறித்த நேரத்தில் முடிகிறதோ, அதுவே நல்ல நாடகம்."

பச்சைக் கொடி ஆடியது. கைதட்டல் குறித்த நேரத்தில் முடிந்தது.

அப்போதுதான் ஆய்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரயிலுக்கு நேரமாகிறதாம். மேடையில் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். திரையைத் தூக்கினால் முடிய இரண்டு மணி நேரமாகும். ஆய்வாளர் பார்க்க வேண்டியதோ பார்வையாளர்களை. அதற்குத் திரை எதற்கு? செயலாளர் ஒருங்கிணைப்பாளரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். ஆய்வாளரின் நாற்காலி பார்வையாளர்களை நோக்கித் திருப்பிப் போடப்பட்டது.

முதல் காட்சிக்கு மஞ்சள் கொடி ஆடியது. இடது பக்கம் சிரித்தது. இரண்டாம் காட்சிக்குப் பச்சை. நடுப்பக்கம் எழுந்து நின்று தட்டியது. திரை அப்படியே மூடிக் கிடந்தது. அதன் அடியில் வரிசையாக நடிகர்களின் கால்களும், ஒரு குடையின் நுனியும் தெரிந்தன. என்ன நடக்கிறது என்று தெரியாமல் கால்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.

நீலக் கொடி ஆடியது. மூணாம் மாடி குடை நுனியையே பார்த்துக்கொண்டிருந்தான். இதோ, இதுதான் அவளுடைய காட்சி, இப்போது முடிந்துகொண்டிருக்கிறது. இனி அவளிடம் சொல்ல எதுவும் இல்லை, டீயும் இல்லை. வலது கையைப் பக்கத்து நாற்காலியின் மேல் வைத்தான். விசில் அடிப்பதற்கு முன்பே அழுகை வந்துவிட்டது. தோள் குலுங்கியது, சத்தமும் வந்தது. நீள விசில் அடித்தும் நிற்கவில்லை. மற்றவர்கள் மூக்கைத் துடைத்துக்கொண்ட பிறகும் அவன் ஒருவன் அழுதுகொண்டிருந்தான்.

ஆய்வாளர் எழுந்தார். ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"நான் எத்தனையோ கல்லூரிகளுக்குப் போயிருக்கிறேன். என் பணி நிறைவு விழாவுக்கு நாற்பது பேர் வந்தார்கள். கேக் சாப்பிட்டார்கள். ஒருவர் கண்ணும் கலங்கவில்லை. இன்று, நான் வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அந்த ஓரத்தில் ஒரு மாணவர் எனக்காக இப்படி அழுகிறார். இதற்கு மேல் என்ன தரம் வேண்டும்? எனக்கு நாடகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாததால்தான் ஆய்வாளராக இருக்கிறேன். உங்களுக்கு முதல் தரம் வழங்குகிறேன்."

கொடி ஆடாமலே கைதட்டினார்கள். புல்தரையில் குழுப்படம் எடுக்க எல்லோரையும் வரிசையாக வெளியே அனுப்பினார்கள். செயலாளர் திரைக்குப் பின்னால் தலையை நீட்டி, மீதிச் சம்பிரதாயத்தைச் சட்டுப்புட்டென்று முடித்துவிட்டு விளக்கை அணைத்துவிட்டுப் போங்கள் என்று நடிகர்களிடம் சொன்னார். மீதிச் சம்பிரதாயம் என்று அவர் சொன்னது நாடகத்தை.

வரிசை வாசலைத் தாண்டும்போது மூணாம் மாடி குனிந்து செருப்பைச் சரிசெய்தான். அவனைக் காணோமே என்று தேடுகிறவர்கள் யாரும் இல்லை என்பது அன்று ஒருநாள் அவனுக்கு உதவியது. தூணோரமாகத் திரும்பி உள்ளே வந்தான். அரங்கம் முழுவதும் காலி. எங்கு வேண்டுமானாலும் உட்காரலாம். மூன்றாம் வரிசையில் நட்டநடுவில் போய் உட்கார்ந்தான். நடுவில் உட்கார்ந்து அவனுக்குப் பழக்கமே இல்லை.

திரை தூக்கினார்கள். பார்க்க ஆளில்லை என்ற வெறுப்பில் முதல் இரண்டு காட்சிகளையும் ஒப்புக்குப் பத்தே நிமிடத்தில் ஓட்டினார்கள்; கதாநாயகன் பாதி வசனத்தில் கொட்டாவி விட்டான். மூன்றாம் காட்சி வந்தது. இறந்தவர் படம், மாலை, சுற்றிலும் தலைகுனிந்த உறவினர்கள். வாசலில் அவள். கையில் திறந்த குடை, வெளியே மழையாம். குடையோடு நுழைய முடியவில்லை. பக்கவாட்டில் முயன்றாள், பின்புறமாக முயன்றாள். முகம் மட்டும் துக்கத்திலேயே இருந்தது. ஒருவழியாக உள்ளே வந்து, அரும்பாடுபட்டுக் குடையை மடக்கி, அப்பாடா என்று அழ வாயெடுத்தாள். குடை படாரென்று விரிந்தது. மறுபடி மடக்கினாள், மறுபடி அழப் போனாள், மறுபடி விரிந்தது. கடைசியில் இறந்தவரின் மனைவியே அழுகையை நிறுத்திவிட்டு, மரியாதைக்காகக் குடையின் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அப்போது குடைக்காரி மெல்லிய குரலில் சொன்னாள்:

"இது அவர்கிட்ட இரவல் வாங்குன குடைங்க. திருப்பிக் குடுக்கத்தான் வந்தேன்."

அவனுக்குச் சிரிப்பு பீறிட்டது. இருமல் இல்லை, எக்கல் இல்லை; அடிவயிற்றிலிருந்து புறப்பட்டு வந்தது. காலி அரங்கத்தில் அது சுவரில் மோதித் திரும்பி வந்து, தன்னைப் போல இன்னும் நாலு பேர் சிரிக்கிறார்கள் போலத் தோன்ற, அவன் இன்னும் சிரித்தான். கண்ணில் நீர் வழிந்தது. மேடையில் கொட்டாவி விட்டவன்கூட நிமிர்ந்து நின்றான். அவள் ஒரு கணம் தடுமாறி, பிறகு குடையை இன்னொரு தரம் விரியவிட்டாள்.

புல்தரையில் படத்துக்கு நின்றவர்கள் காதிலும் அது விழுந்துவிட்டது. செயலாளரும் ஒருங்கிணைப்பாளரும் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது அவன் நாற்காலிகளுக்கு அடியில் சுருண்டு கிடந்தான். வெள்ளிக்கிழமை மாலைகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவன் கண்முன் வந்தன.

"எந்தக் காட்சி நடக்குது?" செயலாளர் மேடையை நோக்கிக் கேட்டார்.

"மூணாவது சார்," என்றான் கதாநாயகன்.

"கண்ணீர்க் காட்சி. அதுல சிரிப்பு. தரம் குடுத்த மனுஷன் இன்னும் வாசல்லதான் நிக்கிறாரு." அவர் குடைக்காரியைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. முன்னால பாத்துக்கிட்டுத்தான நடிச்ச? அரங்கத்துல யாரு இருந்தா?"

அவள் மேடை விளிம்புக்கு வந்தாள். கையை நெற்றியில் வைத்துக் கீழே பார்த்தாள். மூன்றாம் வரிசைக்கு அடியில் கிடந்தவனின் கண்ணும் அவள் கண்ணும் நேருக்கு நேர் சந்தித்தன.

"யாரும் இல்ல சார்," என்றாள். "வெறும் நாற்காலிங்கதான். எங்க வசனமே எதிரொலிச்சிருக்கும்."

செயலாளர் முகம் தெளிந்தது. ஆள் இல்லையென்றால் குற்றமும் இல்லை என்றார்.

அங்கே யாரும் இல்லை என்று அவனை வைத்துக்கொண்டே சொல்வது புதிதல்ல. ராத்திரி மாடி விளக்கை அணைக்கிற விடுதிக் காப்பாளர் சொல்லியிருக்கிறார். நாற்காலிகளைக் கவிழ்த்துப் போடுகிற உணவகத்துக்காரர் சொல்லியிருக்கிறார். அவர்கள் எல்லாம் தெரியாமல் சொன்னவர்கள். அவன் இருப்பதைப் பார்த்துவிட்டு, அவன் இருக்கட்டும் என்பதற்காக அப்படிச் சொன்னவள் இவள்தான்.

ஆனால் யாரும் இல்லாத அரங்கத்தைப் பூட்டுவார்கள் என்பதை இருவரும் யோசிக்கவில்லை. நடிகர்களை வெளியே அனுப்பி, விளக்கை அணைத்து, செயலாளர் தம் கையாலேயே பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ஆய்வாளரை ரயிலேற்றக் கிளம்பிவிட்டார்.

இருட்டில் தட்டுத்தடுமாறிக் கதவுக்கு வந்து உட்கார்ந்தான். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அவள் சொன்னது பொய்யாகிவிடும். வெளியே பேச்சுச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்தது. அவள் உணவகத்தில் சிறிது நேரம் பார்த்திருப்பாள், பிறகு கிளம்பியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். சொல்ல வேண்டும் என்று சேர்த்து வைத்ததெல்லாம் நெஞ்சில் அப்படியே இருந்தது.

கதவை யாரோ விரலால் தட்டினார்கள்.

"இருக்கியா?"

"இருக்கேன்."

அவள் காவலாளியைக் கூட்டி வந்திருந்தாள். காவலாளியின் நியாயம் வேறாக இருந்தது. உள்ளே யாரும் இல்லை என்று செயலாளரே சொல்லிப் பூட்டியாயிற்று. இல்லாத ஆளைத் தான் எப்படி வெளியே விடுவது? பொருள் ஏதாவது உள்ளே மாட்டிக்கொண்டால் மாற்றுச் சாவி வாங்கலாம், அதற்கு விதி இருக்கிறது என்றார். அவள் கையிலிருந்த குடையைத் தூணுக்குப் பின்னால் சாய்த்துவிட்டு, உள்ளே ஒரு குடை மாட்டிக்கொண்டது அண்ணே என்றாள். காவலாளி குடையைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், அலுவலகத்தைப் பார்த்து நடந்தார்.

அவள் கதவில் சாய்ந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"உணவகம் மூடிட்டாங்க. உணவகத்துக்காரரும் படத்துல நிக்கப் போயிட்டாராம். டீ கெடயாது. பரவால்ல, இப்பச் சொல்லு. எப்படி இருந்துச்சு?"

யோசித்து வைத்த வாக்கியங்கள் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வேறொன்று வந்தது.

"ரெண்டாவது தடவ குட விரிஞ்சப்போ, நீங்க அந்தப் படத்தப் பாத்து, கோச்சுக்காதீங்கங்கற மாதிரி லேசாத் தலைய ஆட்டுனீங்க. அது எழுதியிருந்துச்சா, நீங்களாப் பண்ணுனீங்களா?"

அவள் குரல் கதவுக்கு இன்னும் நெருங்கி வந்தது.

"நானாப் பண்ணுனது," என்றாள். "யாரும் கவனிக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

"அங்கதான் எனக்குச் சிரிப்பு ஆரம்பிச்சுது. கடைசில திருப்பிக் குடுக்க வந்தேன்னீங்களே, அப்ப சிரிச்சுக்கிட்டே இருக்கேன், நெஞ்சுல என்னமோ பண்ணுது."

பிறகு அவன் நிறுத்தவே இல்லை. குடைக் கம்பியைப் பிடித்த மனைவியின் முகம், கதாநாயகன் விட்ட கொட்டாவி, வாசலில் அவள் பின்புறமாக நுழைந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். அவள் நடுநடுவே சிரித்தாள், சில இடத்தில் மறுத்தாள், அடுத்த தடவை அதை மாற்றிக்கொள்கிறேன் என்றாள். குரலில் துரு இல்லை என்பதை வெகுநேரம் கழித்துத்தான் அவன் கவனித்தான். கவனித்ததும் கூச்சம் வந்து நிறுத்திவிட்டான்.

"என்னாச்சு?"

"இல்ல. சனி ஞாயிறுல நான் இவ்வளவு பேசினதே இல்ல. ஒரு டீன்னு சொல்லுவேன், அதோட சரி."

கதவுக்கு அந்தப் பக்கம் அவள் அசைந்து உட்கார்ந்தாள். "அப்ப இன்னும் மிச்சம் இருக்கும்ல," என்றாள். "சொல்லு. நான் எங்கயும் போகல."

காவலாளி வந்துவிட்டார். சாவிக்கொத்து குலுங்கியது. சாவிகளில் எது என்று அவருக்குத் தெரியவில்லை; ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டே, இதோ தம்பி, இதோ ஆயிடுச்சு, கொஞ்சம் பொறுத்துக்க என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

"மெதுவாவே தேடுங்கண்ணே," என்றான் மூணாம் மாடி. "அவசரம் ஒண்ணுமில்ல."